கருங்காலி நாற்காலி: நகல் எங்கே முடியுது, போலி எங்கே ஆரம்பிக்குது

(பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களில் தச்சு வேலை தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மாலை நேரத்தில் பேசிய பேச்சு இது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கிவிட்டு, பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். கடைசியில் மூன்று கேள்விகளும் பதில்களும் உள்ளன.)

பின்னாடி உட்கார்ந்திருக்கவங்களுக்குக் கேட்குதா? சரி.

நான் மரச்சாமான் செய்கிறவன். பழைய நாற்காலி, மேசை, அலமாரி இதையெல்லாம் அளந்து பார்த்து, அதே மாதிரி புதுசா செய்து கொடுப்பது என் பிழைப்பு. இங்கிலீஷில் ரீப்ரொடக்‌ஷன் என்பார்கள். நான் நகல் என்றுதான் சொல்வேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஏன் இல்லை, எந்த இடத்தில் வெட்கப்படணும் என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதலில் ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்றேன். அது இந்தக் கரையில் பிறந்த நாற்காலி.

உங்க ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில் இருந்த அவர்களுடைய வியாபாரத்துக்கெல்லாம் இதுதான் தலைமையிடம். அதுக்கப்புறம் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போச்சு. இந்தத் துறையிலிருந்து துணி போச்சு. அடிமைகளாக மனுஷங்களும் போனாங்க. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அந்தக் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தில் நாற்காலி செய்தார்கள். வெள்ளைக்காரர்கள் உட்கார்வதற்காகச் செய்தது. முதுகு தாழ்வா இருக்கும், இருக்கை அகலமா இருக்கும். கால், குறுக்குக் கம்பு எல்லாம் கயிறு முறுக்கின மாதிரி சுருள் சுருளா இருக்கும். முதுகுச் சட்டத்தில் பூவும் கொடியுமா மேலோட்டமான செதுக்கல். கொஞ்சம் பிந்திய காலத்து நாற்காலிகளில் பறவை, கடற்கன்னி, சிறகு வைத்த குழந்தை எல்லாம் ஆழமா வெட்டியிருப்பார்கள். இருக்கை பிரம்புப் பின்னல்.

இதே பாணி நாற்காலிகள் பத்தாவியாவிலும், அதாவது இன்றைய ஜகார்த்தாவிலும், இலங்கையிலும் செய்யப்பட்டன. இந்தக் கரையிலிருந்து போன கைவினைஞர்களோடு அந்த வேலையும் சேர்ந்து போனது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த நாற்காலிகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்த்த அமீன் ஜாஃபர் 2001-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார், பிரிட்டிஷ் இந்தியாவிலும் இலங்கையிலும் செய்த மரச்சாமான்களைப் பற்றி. நம்ம தொழிலில் இருக்கிறவங்களுக்கு அது ஒரு பாடப் புத்தகம் மாதிரி.

இப்போ கதைக்கு வர்றேன். இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்று ஒரு எழுத்தாளர். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். லண்டன் பக்கத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்று ஒரு வீடு கட்டினார். பழங்கால இங்கிலாந்து மாதிரியே இருக்கணும்னு ஆசை. அந்த வீட்டுக்காக 1763-ல் ஒரு ஏலத்தில் கருங்காலி நாற்காலிகள் வாங்கினார். அவர் என்ன நினைத்து வாங்கினார் தெரியுமா? இது எட்டாம் ஹென்றி ராஜா காலத்து இங்கிலீஷ் நாற்காலி என்று நினைத்தார். கார்டினல் வூல்சி வாழ்ந்த மாளிகையில் இதே மாதிரி நாற்காலிகளைப் பார்த்திருந்தார். அதனால அவை வூல்சியுடையவை, அந்தக் காலத்தவை என்று முடிவு கட்டிட்டார்.

வூல்சி செத்தது 1530-ல். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்ததே 1600-ல். நாற்காலி செய்தது அதுக்கும் பல பத்து வருஷம் கழித்து. ஆனால் வால்போல் சொன்னா ஊரே நம்பும். அவரைப் பார்த்து மற்ற பணக்காரர்களும் 'பழைய இங்கிலாந்து நாற்காலி' என்று இதையே தேடித் தேடி வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இன்னொரு கதை கட்டினார்கள். 1662-ல் இரண்டாம் சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் சீதனமாகக் கொண்டுவந்தது என்று. இவை இந்தியத் தச்சர்களின் வேலை என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

யோசிச்சுப் பாருங்க. நம்ம கரையில் ஒருத்தர் செதுக்கின நாற்காலி, நூறு வருஷத்துக்கு மேல ஒரு இங்கிலீஷ் பாதிரியாரின் நாற்காலியா வாழ்ந்திருக்கு. இதில் வால்போல் பொய் சொல்லலை. அவர் நிஜமாவே நம்பினார். காரணம் ரொம்பச் சின்னது. செய்தவர் பெயர் நாற்காலியில் இல்லை. இங்கே டச்சுக் கல்லறையில் போய்ப் பாருங்க. வாசலில் ரெண்டு எலும்புக்கூடு நிற்கும். உள்ளே ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருக்கு, வருஷம் இருக்கு, குடும்பச் சின்னம் இருக்கு. செத்த வியாபாரியின் அடையாளம் முந்நூறு வருஷமா பத்திரமா இருக்கு. அவர் உட்கார்ந்த நாற்காலியைச் செய்தவருக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

இதை மனசில் வச்சுக்கோங்க. கடைசியில் இதுக்குத் திரும்ப வருவேன்.

செய்வது எப்படி

சரி, இந்த நாற்காலியை இன்னைக்குச் செய்யணும்னா என்ன செய்யணும்?

முதல் பிரச்சினை மரம். கருங்காலி தண்ணியில் போட்டா மூழ்கும், அவ்வளவு அடர்த்தி. உளி சீக்கிரம் மழுங்கும். அது போகட்டும், நேர்மையான வழியில் நாற்காலி செய்கிற அளவுக்குப் பெரிய கட்டை வாங்குவது இன்னைக்கு ஏறக்குறைய நடக்காத காரியம். காட்டில் மிச்சம் இருக்கிற மரத்தை வெட்டி நாற்காலி செய்ய நான் தயாரா இல்லை. அதனால நான் பூவரசு எடுத்துக்கிறேன். படகுக்கும் வண்டிக்கும் பூவரசு போட்டவங்க வீட்டுப் பிள்ளைங்க இங்கே இருப்பீங்க. நெருக்கமான மரம், உளிக்கு அடங்கும், பொடிப்பொடியா உடையாது. நல்லா வைரம் பாய்ந்த மரமா இருக்கணும்.

பூவரசு கருப்பு இல்லையே, என்ன செய்வது? கடையில் கருப்புச் சாயம் விக்குது. அடிச்சா மேலே படலமா நிற்கும், ரெண்டு வருஷத்தில் கைபிடி தேய்ந்து வெளுக்கும். நான் செய்வது வேற. அது உங்க ஊர்த் துணிக்காரங்க வித்தைதான். பழவேற்காட்டுத் துணி உலகம் முழுக்கப் போன காலத்தில், துணியில் கருப்பு எப்படி வந்தது? பழைய இரும்புத் துண்டு, வெல்லம், தண்ணி மூணையும் பானையில் போட்டு மூடி இரண்டு, மூன்று வாரம் புளிக்க விடுவார்கள். துணியை முன்னாடியே கடுக்காய்த் தண்ணியில் நனைத்து வைத்திருப்பார்கள். கடுக்காயில் இருக்கிற துவர்ப்பும் அந்த இரும்புக் காடியும் சேர்ந்தால் கருப்பு. கலம்காரித் துணியில் இன்னைக்கும் அதே கருப்புதான்.

மரத்துக்கும் அதே கணக்கு. முதலில் மரத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எழும்புகிற நாரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடணும். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் சொரசொரன்னு இருக்கும். அப்புறம் கடுக்காய்த் தண்ணி ரெண்டு பூச்சு. காய்ந்த பிறகு இரும்புக் காடி. பூசும்போது தெளிந்த தண்ணி மாதிரிதான் இருக்கும். கண்ணு முன்னாடியே சாம்பல் நிறமாகி, அப்படியே கருத்துக்கிட்டு வரும். இந்தக் கருப்பு மரத்துக்குள்ளே பிறக்கிற கருப்பு. மேலே எண்ணெயோ அரக்கு பாலிஷோ போட்டால் ஆழமா ஒரு நிறம் வரும்.

இரண்டாவது, சுருள் கால். பார்க்கிறவங்க எல்லாரும் மெஷினில் கடைந்தது என்று நினைப்பாங்க. பழைய நாற்காலியில் அது கை வேலை. கடைசல் பட்டறை உருண்டையான கம்பை மட்டும்தான் தரும். சுருளை உளியால் வெட்டணும்.

வழி சொல்றேன். கம்பின் நீளத்துக்கு நாலு கோடு போடுங்க, நாலு திசையிலும். அப்புறம் குறுக்கே சம இடைவெளியில் வளையம் வளையமா கோடு போடுங்க. இப்போ கட்டம் கட்டமா இருக்கும். ஒரு காகிதப் பட்டையைக் கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சுற்றி, ஓரத்தில் பென்சில் ஓட்டினால் சுருள் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் சின்ன ரம்பம் வைத்து ஒரே ஆழத்துக்கு அறுத்துக்கிட்டே போகணும். ஆழம் மாறாமல் இருக்க ரம்பத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டையை வைத்து இறுக்கிக்கலாம். அப்புறம் ரெண்டு பக்கமும் உளியால் சரித்து, அரை வட்ட அரம் போட்டு உருட்டணும். வலது காலுக்கு வலப்பக்கம் திரும்புகிற சுருள் என்றால் இடது காலுக்கு இடப்பக்கம் திரும்பணும். அப்போதான் நாற்காலி எதிரே நின்று பார்க்கும்போது கண்ணுக்குச் சமமா இருக்கும்.

ஒரு வீட்டில் இருந்த பழைய நாற்காலியை அளக்க எனக்கு அனுமதி கிடைத்தது. நாலு காலையும் அளந்தேன். ஒரு காலில் இருக்கிற சுருள் எண்ணிக்கை இன்னொன்றில் இல்லை. பூச் செதுக்கலில் இடப்பக்கப் பூ கொஞ்சம் குண்டு, வலப்பக்கப் பூ ஒல்லி. வெளியே தெரியிற பக்கம் கண்ணாடி மாதிரி. இருக்கைக்கு அடியில் உளி பட்ட தடம் அப்படியே இருக்கு. வேலை முடிய வேண்டிய நாள் நெருங்கியிருக்கும், கூலி கணக்கு இருந்திருக்கும், யாரும் பார்க்காத இடத்தில் நேரம் செலவழிக்க மாட்டார்கள். நாமும் அப்படித்தானே? நகல் செய்கிறவனுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான். அந்த மனுஷன் எங்கே நிதானமா இருந்தார், எங்கே அவசரப்பட்டார் என்பது நம்ம கை வழியா தெரிய வரும். படம் பார்த்தால் அது தெரியாது.

மூன்றாவது, பூட்டு. கழுந்தும் தொளையும்தான். கழுந்து தொளைக்குள் இறுக்கமா போகணும், சுத்தியலால் ஓங்கி அடிக்கிற அளவுக்கு இறுக்கம் கூடாது, கொட்டாப்புளியால் தட்டினால் போதும் என்கிற அளவு. குறுக்கே துறப்பணம் போட்டு மர ஆணி. பசைக்கு நான் வஜ்ஜிரம் காய்ச்சுகிறேன். நாற்றம் அடிக்கும், வீட்டில் திட்டுவாங்க. (சிரிப்பு) ஆனால் வஜ்ஜிரத்துக்கு ஒரு குணம் இருக்கு. சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். ஐம்பது வருஷம் கழித்து இன்னொரு தச்சர் வந்து, எதையும் உடைக்காமல் பூட்டைக் கழற்றிச் சரிசெய்யலாம். நல்ல சாமான் என்பது பிரித்து மறுபடி பூட்ட முடிகிற சாமான். படகுக்காரங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் என்ன செய்றாங்க

இந்தத் தொழில் எங்கே பெரிய அளவில் மரியாதையா நடக்குதுன்னு பார்த்தால், அமெரிக்காவைச் சொல்லணும். அந்த நாடு சுதந்திரம் வாங்கின பிறகு, ஏறக்குறைய 1780-களின் கடைசியிலிருந்து 1820-கள் வரைக்கும், பெடரல் என்று ஒரு பாணி வந்தது. மெல்லிசா, கீழே போகப்போகக் கூர்ந்து வரும் கால். கேடயம் மாதிரி முதுகு. மகோகனி மரத்தில் மெல்லிய வெளிர் மரக் கோடுகளைப் பதித்து அலங்காரம். நியூயார்க்கில் டங்கன் ஃபைஃப், சேலம் நகரத்தில் சாமுவேல் மக்கின்டயர், இவங்க எல்லாம் அந்தக் காலத்துப் பேர் பெற்ற கைகள்.

ஆனால் அந்தப் பாணியே ஒரு நகலில்தான் தொடங்கியது. லண்டனில் 1788-ல் ஹெப்பிள்வைட் புத்தகம் வந்தது, 1791-லிருந்து ஷெரட்டன் புத்தகம் வந்தது. ரெண்டும் படம் போட்ட மாதிரிப் புத்தகங்கள். அதைப் பார்த்துத்தான் அமெரிக்கத் தச்சர்கள் செய்தார்கள். சென்னையிலும் அதே கதைதான். வெள்ளைக்காரர் ஒரு நாற்காலியையோ படத்தையோ கொண்டுவந்து கொடுப்பார், நம்ம ஆசாரிகள் அச்சு அசலா செய்து கொடுப்பார்கள். பார்த்துச் செய்வது கேவலம் என்றால் உலகத்தில் மரச்சாமான் வரலாறே கிடையாது.

பெடரல் காலத்தில் சில பட்டறைகள் ஒரு வேலை செய்தன. இழுப்பறைக்கு அடியிலோ பின்பக்கமோ ஒரு காகிதச் சீட்டு ஒட்டினார்கள். பட்டறையின் பெயர், தெரு. அவ்வளவுதான். இருநூறு வருஷம் கழித்து அந்தச் சீட்டு இருக்கிற மேசையைப் பார்த்து யாரும் 'இது வேற நாட்டுச் சாமான்' என்று சொல்ல முடியாது. இன்னைக்கும் அங்கே பெடரல் மேசையை நகல் எடுக்கிற நல்ல தச்சர்கள் தங்கள் பெயரையும் வருஷத்தையும் அடியில் பதிக்கிறார்கள்.

அதே அமெரிக்காவில் இதுக்கு நேர் எதிரான கதையும் நடந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அர்மாண்ட் லமான்டேன் என்று ஒரு சிற்பி. அருங்காட்சியக அறிஞர்கள்மேல் அவருக்கு ஒரு கோபம். 1969-ல், 17-ஆம் நூற்றாண்டு ப்ரூஸ்டர் நாற்காலி ஒன்றைப் புதுசா செய்து, அடிபட்ட மாதிரி, தேய்ந்த மாதிரி பழசாக்கினார். அது கை மாறிப் போய், ஹென்ரி ஃபோர்ட் அருங்காட்சியகம் அதை 9,000 டாலர் கொடுத்து அசல் என்றே வாங்கி வைத்தது. 1977-ல் விஷயம் வெளியே வந்தது. அவர் வேணும்னே நவீன துளைக்கருவியால் துளை போட்டிருந்தார். எக்ஸ்ரேயில் அந்தத் துளையின் வடிவம் காட்டிக்கொடுத்தது. அருங்காட்சியகம் அந்த நாற்காலியைத் தூக்கிப் போடலை. போலி எப்படி இருக்கும் என்று காட்டும் பாடமா வச்சுக்கிச்சு.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் கவனிங்க. அந்த நாற்காலியின் வேலைப்பாட்டில் குறை இல்லை. அது பிரமாதமான நகல். அதன்மேல் சொன்ன ஒரு வாக்கியம்தான் பொய். நகலும் போலியும் ஒரே உளியில் பிறக்குது. வித்தியாசம் விற்கும்போது வாயிலிருந்து வருகிற சொல்லில்தான் இருக்கு.

மூன்று மடங்கு விலை

என்கிட்ட ஒரு வியாபாரி வந்தார். பெயர் வேண்டாம். நான் செய்த ரெண்டு கருங்காலி பாணி நாற்காலியைப் பார்த்தார். தடவித் தடவிப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்ற விலையைப் போல மூணு மடங்கு தர்றேன். அடியில் பெயர் போடாதீங்க. கொஞ்சம் பழசாக்கிக் கொடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பழசாக்குவது எப்படின்னு எனக்குத் தெரியும். சங்கிலியால் அடிக்கலாம், டீத் தண்ணி ஊற்றலாம், சேற்றில் புதைத்து எடுக்கலாம், மெல்லிய துளை போட்டுப் பூச்சி அரித்த மாதிரி காட்டலாம். அதே சமயம், தெரிந்தவன் கண்ணுக்கு எப்படி மாட்டும் என்பதும் தெரியும். பூச்சி வளைந்து வளைந்து போகும், துளைக்கருவி நேரா போகும். உண்மையான தேய்மானம் காலை வைக்கிற முன்குறுக்குக் கம்பில் இருக்கும், கை வைக்கிற முனையில் இருக்கும், பின்பக்கத்தில் இருக்காது. இன்னொன்று, மரம் காலப்போக்கில் சுருங்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. அதனால வட்டமாகக் கடைந்த கால் பல பத்து வருஷத்தில் லேசா முட்டை வடிவமாகும். காலிப்பர் வைத்து ரெண்டு பக்கம் அளந்தால் தெரிந்துவிடும். அதைப் போலியா செய்வது ரொம்பக் கஷ்டம்.

சட்டமும் இருக்கு. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நகல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவங்க, 'இது தொல்பொருள் இல்லை' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்புகிறார்கள். அப்போ பாருங்க: ஒரே நாற்காலியை அதிகாரிகிட்ட புதுசு என்று சொல்லணும், வாங்குகிறவர்கிட்ட பழசு என்று சொல்லணும். இந்த ரெண்டு வாய் வியாபாரத்தில் மாட்டிக்கிறது யாரு? சீட்டில் கையெழுத்துப் போட்ட பட்டறைக்காரன். வியாபாரி போனை எடுக்க மாட்டார்.

நான் முடியாதுன்னு சொன்னேன். பெரிய தியாகம் ஒண்ணும் இல்லை. அந்த மாசம் கையில் பணம் கம்மி, அது நிஜம். ஆனால் எனக்குத் தோன்றியது வேற. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கரையில் ஒருத்தர் செதுக்கினார், பெயர் இல்லாததால் அவர் வேலை இன்னொரு நாட்டுக் கணக்கில் போச்சு. இப்போ நான் என் பெயரை நானே எடுத்துட்டு, என் வேலையை அவர் கணக்கில் எழுதினால், ரெண்டு பேருமே இல்லாமல் போறோம். அவருடைய உண்மையான நாற்காலிமேலயும் சந்தேகம் விழும். போலி ஒன்று பிடிபட்டால் அசல் பத்துக்கு விலை குறையும், கௌரவம் குறையும்.

என் பட்டறையில் நான் வச்சிருக்கிற விதி நாலு. ஒன்று, இருக்கைச் சட்டத்துக்கு உள்பக்கம் பெயர், ஊர், வருஷம் மூணையும் சூட்டுக்கோலால் பதிப்பது. சீட்டு என்றால் கிழிச்சிடலாம், சூட்டுக்குறியைச் சீவி எடுத்தால் பள்ளம் காட்டிக்கொடுக்கும். இரண்டு, எந்த மரம் என்று ரசீதில் எழுதுவது. பூவரசு என்றால் பூவரசு. மூன்று, தந்தம் கிடையாது. பழைய நாற்காலியில் தந்த முனை இருந்த இடத்தில் மாட்டு எலும்போ வெளிர் மரமோ. நான்கு, தேய்மானத்தை நாமா செய்வது கிடையாது. உட்கார்கிறவங்க தேய்க்கட்டும். அதுக்கு நேரம் இருக்கு.

ஏன் உங்ககிட்ட சொல்றேன்

இந்த ஏரிக்கரையில் மரப்படகு கட்டின கைகள் நிறைய இருந்தன. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு வேகமா பரவிச்சு. ஃபைபர் படகு இலேசு, பராமரிப்பு கம்மி, மீன் பிடிக்கிறவங்களுக்கு அது வசதி. அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாச்சி பிடிக்கத் தெரிந்தவர், ஏரா வளைவைக் கண்ணாலேயே பார்த்துச் செதுக்கினவர், பலகை இடுக்கில் கலப்பத்து அடித்தவர், இவங்க பிள்ளைங்க இன்னைக்கு சென்ட்ரிங் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போறீங்க. அந்தக் கலப்பத்து என்கிற சொல்லே போர்ச்சுகீசியர்களிடமிருந்து வந்தது. மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாம் அப்படி வந்த சொல்தான். சொல் வந்தது அங்கிருந்து, வேலை செய்தது நம்ம கை.

உங்க கையில் இருக்கிறது நாற்காலிக்காரங்களுக்குக் கிடைக்காத ஒரு பயிற்சி. நேர்க்கோடு இல்லாத பொருளைச் செய்யும் பயிற்சி. படகில் ஒரு பலகைகூட நேரா இருக்காது. மூலைமட்டம் வைத்து வேலை பழகினவன் சுருள் காலைப் பார்த்தால் பயப்படுவான். நீங்க பயப்பட மாட்டீங்க. மரம் தண்ணி குடித்தால் எந்தப் பக்கம் விரியும், காய்ந்தால் எங்கே பிளக்கும் என்பது உங்க வீட்டில் பேச்சோடு பேச்சா கற்றது.

அதுக்காக நாளைக்கே எல்லாரும் வேலையை விட்டுட்டு நாற்காலி செய்ய வாங்கன்னு சொல்லலை. ஒரு நாற்காலி முடிய எனக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. அந்த விலைக்கு வாங்குகிறவங்க கொஞ்சம் பேர். ஜோத்பூரிலிருந்து மெஷினில் செய்து வருகிற சாமானோடு விலையில் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. மீன்பாடு இல்லாத நாட்களில் செய்கிற வேலையா ஆரம்பியுங்க. முதலில் முக்காலி. அப்புறம் நாற்காலி. பேரத்தில் இறங்கி வந்தாலும் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

கேள்வி பதில்

*கேள்வி: அண்ணே, இப்போ எல்லாரும் கருங்காலி மாலை போடுறாங்களே, அதே மரம்தானா?*

தமிழில் கருங்காலி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரத்துக்கு வழங்குது. செங்கருங்காலி என்பது வேல மரக் குடும்பம். நாற்காலி செய்த கருங்காலி வேற இனம். உங்க தாத்தா வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியிருப்பாரே, அந்தப் பனிச்சையும் இந்தக் கருங்காலியும் ஒரே இனத்து மரங்கள். மாலையைப் பொறுத்தவரை, மணியைக் கத்தியால் லேசா சுரண்டிப் பாருங்க. உள்ளே வெளுப்பா வந்தால் அது சாயம். மத்தது நம்பிக்கை விஷயம், அதில் நான் தலையிடலை. (சிரிப்பு)

*கேள்வி: எங்க அப்பா படகுத் தச்சர். கருவி எல்லாம் பெட்டியில் கிடக்கு. துரு பிடிச்சிருச்சு. அதை வச்சு ஆரம்பிக்கலாமா, புதுசு வாங்கணுமா?*

தயவு செய்து அதை எடைக்குப் போடாதே தம்பி. பழைய உளியில் இருக்கிற எஃகு இன்னைக்குக் கடையில் கிடைக்கிற மலிவு உளியைவிட நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணெண்ணெயில் ஊற வை, துருவைத் தேய்த்து எடு, சாணை பிடி. முதுகுப் பக்கம் சமமா இருக்கான்னு பாரு. கைப்பிடி போயிருந்தால் புதுசு போட்டுக்கலாம். அப்பா உயிரோடு இருக்காரா? இருந்தால் சாணையை அவர் கையில் கொடு. அவர் பிடிக்கிற கோணத்தைப் பார்த்துக்கோ. அதை நான் சொல்லித் தர முடியாது.

*கேள்வி: நாங்க பனை ஓலைக் கூடை பின்னுறோம். பொம்பளைங்களுக்கு இதில் வேலை இருக்குங்களா?*

இருக்கும்மா. இந்த நாற்காலியின் இருக்கை முழுக்க பிரம்புப் பின்னல். நேரா ரெண்டு, குறுக்கே ரெண்டு, சாய்வா இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆறு ஓட்டம் போட்டால் நடுவில் எண்கோண ஓட்டை விழும். ஓலையில் இழுவை சமமா வைக்கத் தெரிந்த கைக்குப் பிரம்பு கொஞ்ச நாளில் வந்துவிடும். பிரம்பை முதலில் தண்ணியில் ஊறவைக்கணும், அதுதான் வித்தியாசம். இப்போ நான் பின்னலை வெளியே கொடுத்துத்தான் வாங்குறேன். நீங்க பின்னினால் அடியில் உங்க பெயரும் என் பெயருக்குப் பக்கத்தில் வரும். தச்சர் பெயர் மட்டும் போட்டு, பின்னினவங்க பெயரை விட்டால் பழைய கதைதான் மறுபடியும்.

நேரம் ஆகிடுச்சு, படகுக்குப் போக வேண்டியவங்க இருக்கீங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே இடத்தில், ஆளுக்கு ஒரு அடி நீளக் கம்பில் சுருள் வெட்டிப் பார்ப்போம். கட்டை நான் கொண்டுவர்றேன். உளி நீங்க கொண்டுவாங்க. சாணை பிடிச்ச உளி.